கிணற்றடி வெளிச்சம்

சேசு மரி சூசை

திருகோணமலை,
1961 யூன் 11, இரவு.

அன்புள்ள ஹெக்டர் அண்ணாவுக்கு,

தங்கை எல்சி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். மங்கல் வெளிச்சத்தில் எழுதுகிறபடியால் எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

குசினியில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து எழுதுகிறேன். கைவிளக்கின் திரியை நன்றாக இறக்கி வைத்திருக்கிறேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் இருமினால் விளக்கை ஊதிவிட்டு, மறுபடி குறட்டை கேட்கும்வரை இருட்டில் இருக்கிறேன். ஆகையால் எங்காவது வசனம் அறுந்திருந்தால், அந்த இடத்தில் அப்பா இருமினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகப் போகிறது. எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. போன கிழமை எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொடிமரக் குன்றில் நில அளவை ஆட்கள் ஏறினார்கள். கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் நாலு கால் மரக்கூடு கட்டி, உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொடி போட்டார்கள். அங்கே கூடாரத்தில் காவல் இருக்கிறவர் அப்துல் மஜீத் நானா, கிண்ணியா ஆள். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்தார். அப்பா லோஞ்சுப் படகில் போயிருந்த நேரம் பார்த்து மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்கதான் எல்சியோ? கணக்கில நூறு எடுக்கிற எல்சி?"

"ஆர் சொன்னது?"

"நிலம் அளக்கிற எங்கட சேவையர்தான். ஹெக்டர் எண்டு பேர். உங்கட மூக்கும் அவர்ட மூக்கும் ஒரே அச்சு. அந்தா, மூதூர்ப் பக்கம் நீலமாத் தெரியுதே ஒரு மலை, அதிலதான் நிக்கிறார்."

அண்ணா, கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் அந்த நீலக் குன்றிலா நிற்கிறீர்கள்? எட்டு மைல் தண்ணீர்தானே நடுவில்? பாதாளக்கரண்டி போட்டு வாளியை எடுக்கும்போது, "என்னண்டு விழுந்தது?" என்று அப்பா கேட்டார். கயிறு வழுக்கியது என்று பொய் சொன்னேன்.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். நீங்கள் குழந்தையாக நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் சர்வேசுரனுக்கே கொடுப்பேன் என்று அப்பா நேர்ந்தார். நீங்கள் குருவாகாமல் குருமடத்தை விட்டு வெளியே வந்த மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டா. அப்பா அந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். உங்கள் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிய, கன்னியர் மடத்துப் பெரிய தாயாரோடு கதைத்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"குடுக்கிறன் எண்டு சொன்ன பிள்ளையைக் குடுக்க ஏலாமல் போச்சு. வீட்டில இன்னொரு பிள்ளை இருக்குத்தானே. செபமாலை மாசம் பிறக்க நீ மடத்துக்குப் போகவேணும், பிள்ளை."

செபமாலை மாதம் என்றால் ஒக்டோபர். மாட்டேன் என்று வாய் திறந்தால் அம்மாவை இரண்டாம் முறை சாகடிப்பதுபோல் இருந்தது.

நீங்கள் வந்து அப்பாவோடு கதைக்க மாட்டீர்களா? பதிலை மஜீத் நானாவிடம் கொடுத்துவிடுங்கள். தபாலில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பயத்தோடும் அன்போடும்,
எல்சி


மூதூர் முகாம்,
1961 யூன் 24.

அன்புத் தங்கச்சி எல்சிக்கு,

உன் கடிதம் முகாமுக்கு வந்த அரிசிப் பையோடு வந்தது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் எழுதிய கடிதம் அரிசியோடு வந்துசேர்ந்தது பொருத்தம்தான். ஓரத்தில் மண்ணெண்ணெய் மணந்தது. நம் குசினி மணந்தது.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இந்தக் குடாவைச் சுற்றி ஒரு முக்கோண வலை போடுகிறோம். கடல்மேல் நாடா பிடிக்க ஏலாது அல்லவா? ஆகையால் ஒரே ஒரு கோட்டை மட்டும் அளந்தோம். சீனக்குடா விமான ஓடுபாதையில், உருக்கு நாடா வெயிலில் நீளுமுன், விடியற்காலைப் பனிக்குள் அளந்தோம். நாங்கள் பேசாமல் குனிந்து குனிந்து நகர்ந்ததைப் பார்த்தவன், பூசைக்குப் போகிற கூட்டம் என்று நினைத்திருப்பான். அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் நின்று ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்தக் குன்று எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வந்துவிடும். போய்த் தொடத் தேவையில்லை. பிறகு அந்தக் குன்றிலிருந்து இன்னொன்று. இப்படியே குடா முழுவதும், கண்ணுக்குத் தெரியாத நூலால்.

எந்தக் குன்றைத் தெரிவு செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது தெரிய வேண்டும். நடுவில் பாலைமரம் நிற்கக் கூடாது. முக்கோணம் மெலிந்து ஊசிபோல் ஆனால் சின்னப் பிழையும் பெருகிவிடும், நல்ல சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும். துறைமுக வாசலுக்கு எங்கள் மேலதிகாரி பாக்கியரத்தினம் ஐயா வேறொரு மேட்டைப் பென்சிலால் குறித்திருந்தார். நான் ஏறிப் பார்த்துவிட்டு, கொடிமரக் குன்றே நல்லது, அங்கிருந்து வேண்டியது எல்லாம் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை. யாருக்கு வேண்டியது என்றுதான் எழுதவில்லை.

கோணம் அளக்கிற தியோடலைட் கருவியின் கண்ணாடிக்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நம் வீடு வானத்திலிருந்து தொங்குகிறது. கடல் மேலே, மேகம் கீழே. போன செவ்வாய் ஒரு சின்ன உருவம் கிணற்றடியில் துணி காயப்போட்டது. துணியிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிச் சொட்டுவதுபோல் எனக்குத் தோன்றியது. அது நீதான் என்று கோணத்தை எழுதாமல் நின்றேன்.

மடத்து விஷயம் வாசித்தேன். ஆனால் நான் வந்தால் நன்மை வராது, எல்சி. அப்பா என் முகத்துக்கு நேரே படலையைச் சாத்தினவர். நான் வந்து வாய் திறந்தால் உன் முடிச்சுத்தான் இன்னும் இறுகும். ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். உனக்கு மடத்துக்குப் போக விருப்பமா, விருப்பமில்லையா? அதை யாராவது உன்னிடம் கேட்டார்களா?

ஓகஸ்ட் பிறக்க நாங்கள் இரவில் கோணம் எடுக்கத் தொடங்குவோம். எல்லாக் குன்றிலும் விளக்கு எரியும். படுக்குமுன் தெற்கே பார். தண்ணீர் விளிம்பில், நட்சத்திரம் போல ஆனால் மினுங்காமல் ஒன்று நிற்கும். அதற்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

அன்பு மறவாத அண்ணன்,
ப. ஹெக்டர்


சேசு மரி சூசை

திருகோணமலை,
1961 ஓகஸ்ட் 13, இரவு.

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை இல்லையே. மறதியா, எழுதக் கூச்சமா? நான் ஒன்றும் நினைக்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

தலைகீழாகத் தெரிகிறேன் என்று நீங்கள் எழுதியதிலிருந்து கிணற்றடியில் நடக்க விசித்திரமாக இருக்கிறது. கால் வழுக்கினால் வானத்துக்குள் விழுந்துவிடுவேனோ என்று மெல்ல நடக்கிறேன். ஒரு நாள் கனவில் நம் வீடு உண்மையாகவே தொங்கியது. அம்மா குசினியில் நின்று, "கதவைத் திறவாத பிள்ளை, நட்சத்திரம் எல்லாம் உள்ள வந்திடும்" என்றா. விடிந்தபிறகும் கொஞ்ச நேரம் எழும்பாமல் படுத்திருந்தேன்.

வெளிச்சத்தைக் கண்டேன். முதல் நாள் மீன்பிடி விளக்கு என்று நினைத்தேன். ஆனால் அது அசையவில்லை. தண்ணீரில் அதன் நிழல் நீண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது, வந்துசேரவில்லை. அதைப் பார்த்தபடி உங்கள் பெயரை வாய்க்குள் மூன்று முறை சொன்னேன். வீட்டுக்குள் சொல்லவில்லை, முற்றத்தில் நின்றுதான் சொன்னேன். அது பாவமாகாது என்று நினைக்கிறேன்.

விருப்பமா என்று கேட்டீர்கள். அப்படி ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தேன். தாயார்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிற்றாலயத்தின் அமைதி எனக்குப் பிடிக்கும். ஒருவேளை ஒரு நாள் நானாகவே போகக்கூடும், தெரியாது. ஆனால் இப்போது அங்கே போகப்போவது நான் இல்லையே, அண்ணா. நீங்கள் போகாமல் விட்ட வெற்றிடம்தானே போகப்போகிறது. எனக்கு டிசம்பர்ச் சோதனை எழுத வேண்டும். கேத்திரகணிதத்தில் ஒரு கோடு கீறி, அது சரியான இடத்தில் போய்ச் சேரும்போது வருகிற சந்தோஷம் இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும். இதை எழுதவே பயமாக இருக்கிறது. பேராசையோ?

இன்னொரு பயமும் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது போல் இருக்கிறது. பழைய லோஞ்சின் முகப்பு விளக்கை, தடித்த வில்லைக் கண்ணாடி போட்டதே அதை, திருத்துவதற்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். லோஞ்சு ஓட்டும் தண்டையல் வேலையில் இருபது வருஷம் இருக்கிறவர், ஒரு நாளும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. செபமாலை முடிய அதையும் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். லோஞ்சடிக்கு என்கிறார். நான் எழுதுகிறேனா என்று பார்க்க வெளியிலிருந்து நோட்டம் விடுகிறாரோ? முந்தாநாள் மஜீத் நானா தண்ணீருக்கு வந்தபோது மறித்துக் கேட்டார்.

"தம்பி, ராவில மலையில எரிக்கிற வெளிச்சம் ஆருக்கு?"

"அளவைக்கு, ஐயா."

"அங்கால எரியிறது?"

"அதுவும் அளவைக்குத்தான்."

"அங்கால நிக்கிறது ஆர்?"

மஜீத் நானா என்னைப் பார்த்தார். நான் அம்மியைப் பார்த்தேன்.

"ஆரோ ஒரு சேவையர், ஐயா. தங்கமான மனிசன். சோறு மட்டும் காச்சத் தெரியாது. காஞ்சு மெலிஞ்சு போனார்."

அப்பா உள்ளே போனார். அன்றைக்குத் தன் கோப்பையில் பாதிச் சோறு மிச்சம் விட்டார்.

அன்புத் தங்கை,
எல்சி


மூதூர் முகாம்,
1961 ஓகஸ்ட் 29.

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை வாசித்துப் பயப்படாதே. நான் கோபமாக இல்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.

எங்கள் முக்கோணம் பூட்டவில்லை. உனக்குத் தெரியும், மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது பாகை. பூமியின் வளைவுக்காக ஒரு சொட்டுக் கூடும், அதை விடு. என் குன்று, கொடிமரக் குன்று, தம்பலகாமம் பக்கத்து மலை, இந்த மூன்றையும் கூட்டினால், ஒரு பாகையை அறுபதாக வெட்டினால் வருகிற துண்டில் ஏழு துண்டு குறைவாக வருகிறது. எங்கள் வேலையில் இது மலையளவு பிழை. பாக்கியரத்தினம் ஐயா தம்பலகாமத்திலிருந்து ஜீப்பில் வந்து, என் கணக்கை விரலால் தட்டினார்.

"அந்த மலையைத் தெரிவு செய்தவர் நீர்தானே, ஹெக்டர்?"

"ஓம், ஐயா."

"அங்க உமக்கு என்ன தெரிஞ்சுது?"

நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன். மஜீத் நித்திரையாகி விளக்கைத் தவறவிட்டான் என்று எழுதி முடித்துவிடலாம் என்றார் ஐயா. அது அநியாயம். மஜீத் நானா தன் வாப்பாமேல் சத்தியம் செய்கிறார், விளக்கு ஒரு நாளும் அணையவில்லை என்று. நான் நம்புகிறேன். ஏனென்றால் ஐயா தம்பலகாமம் பக்கமிருந்து எடுத்த கோணங்களில் பிழை இல்லை. அவர் பார்த்தது மஜீத் நானாவின் விளக்கைத்தான். பிழை என் பக்கத்திலிருந்து பார்த்ததில் மட்டும். அதுவும் கடல்மேல் மூட்டம் கிடந்த இரவுகளில் மட்டும். அந்த இரவுகளில் குன்றில் எனக்கு ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது. நல்ல பலமான வெளிச்சம். அதையே நம்பி எழுதினேன்.

நேற்றுக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஏழு துண்டுக் கோணம், எட்டு மைலுக்கு அப்பால், ஏறக்குறைய தொண்ணூறு அடி. அதாவது நான் பார்த்த வெளிச்சம் குன்றின் குறியில் இல்லை, தொண்ணூறு அடி மேற்கே இருந்திருக்கிறது. அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை. நம் வீட்டுக் கிணற்றடி இருக்கிறது.

நீயா, எல்சி? எனக்குக் காட்டுவதற்காக விளக்குப் பிடித்தாயா? நீ என்றால் சொல்லிவிடு. ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. உன் கைவிளக்கு மூட்டத்தைக் கடந்து இவ்வளவு தூரம் வராது. அதோடு, கைவிளக்கு என்றால் நாலு பக்கமும் தெரியும், ஐயாவுக்கும் தெரிந்திருக்கும். இது அப்படி இல்லை. அந்த வெளிச்சம் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பதிலைச் சீக்கிரம் எழுது. மழைக்கு முன் பிழை திருத்த வேண்டும்.

அண்ணன்,
ஹெக்டர்


சேசு மரி சூசை

திருகோணமலை,
1961 செப்டெம்பர் 3, இரவு.

அன்புள்ள அண்ணா,

அது நான் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பிறகு, செபமாலை முடிந்து அப்பா வெளியே போனதும், செருப்பில்லாமல் பின்னால் போனேன்.

அவர் லோஞ்சடிக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போனார். துணி தோய்க்கிற கல்லில் லோஞ்சு விளக்கை வைத்து, வில்லைக் கண்ணாடியைத் தெற்கே திருப்பினார். சின்னச் சின்னதாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தார், நீங்கள் செய்வது போல. பிறகு கிணற்றுக்கட்டில் இருந்தார். கையில் செபமாலை இருந்தது, ஆனால் மணி நகரவில்லை. கடலில் மூட்டம் கிடந்தது. நிலவைப் பாலில் கரைத்ததுபோல் எல்லாம் வெள்ளையாக, ஓரம் இல்லாமல். உங்கள் வெளிச்சம் அதற்குள் ஒரு மஞ்சள் பொட்டாக மிதந்தது. நான் வாழைக்குப் பின்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அங்க நிண்டு நுளம்புக்குத் தீன் போடாத. இங்க வந்து இரு."

எனக்கு உயிர் போய்விட்டது. போய்ப் பக்கத்தில் இருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். கடலைக் காட்டிக் கேட்டார்.

"அங்கால தெரியிறது ஆற்ற வெளிச்சம் எண்டு தெரியுமோ?"

"தெரியாது, அப்பா."

"ம்." விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, "எனக்கும் தெரியாது."

இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப ஏன் லாம்பு வைக்கிறியள்?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ தெரியாது.

"கடலில ஒரு வெளிச்சம் கண்டால் மறு வெளிச்சம் காட்டவேணும். காட்டாட்டி, கரையில ஒருத்தரும் முழிச்சிருக்கேல்ல எண்டு அங்க நிக்கிறவன் நினைப்பான். தண்டையல்மாரின்ர வழக்கம் அது. ஆள் ஆர் எண்டு பாக்கிறேல்ல."

அண்ணா, உங்கள் முக்கோணத்தைக் கெடுத்தது அந்த வழக்கம்தான். நான் என்ன செய்ய? நிறுத்தச் சொல்ல என் வாய் வரவில்லை. ஆனால் அவர் நிறுத்தாவிட்டால் மஜீத் நானாவின் வேலை போய்விடும், உங்களுக்கும் கெட்ட பெயர். மடத்துக்குக் கொண்டுபோகிற வெள்ளைச் சட்டைத் துணியும் வந்துவிட்டது. அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

எல்சி


சேசு மரி சூசை

மூதூர் முகாம்,
1961 செப்டெம்பர் 9.

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குன்றின் உச்சியில் விடியும்வரை இருந்தேன். ஒவ்வோர் இரவும் நான் அந்த வெளிச்சத்தின் நடுவில் கண்ணாடிக்குள் இருக்கிற குறிநூலை நிறுத்தி எழுதினேன், கோணம் இவ்வளவு, திருப்பிப் பார்க்க இவ்வளவு என்று. அப்பாவின் முகத்தை இவ்வளவு கவனமாக நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அவர் முகம் என்று தெரியாமலே பார்த்திருக்கிறேன்.

பாக்கியரத்தினம் ஐயாவிடம் உள்ளதைச் சொன்னேன். என் கணக்கைத் திருப்பி ஒருமுறை பார்த்தவர், "அந்த லாம்பு நல்ல லாம்பு போலக் கிடக்கு" என்றார். பிறகு சொன்னார், மூட்டத்தில் எங்கள் விளக்கு கடலைக் கடந்து வராது. அந்த லாம்பையே குறியின்மேல் வைத்தால் என்ன? மஜீத் நானா வந்து அப்பாவிடம் கேட்பார். அளவைக்கு இரவல் வேண்டும் என்று மட்டும் கேட்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். மழைக்கு முன்னால் சில இரவுகள்தான் இருக்கின்றன.

மடத்து விஷயத்தில், நான் வந்து உனக்காகக் கதைக்க வேண்டும் என்று யூனில் எழுதினாய். நான் வராததற்குச் சொன்ன காரணம் பாதிதான் உண்மை. எட்டு மைல் தூரத்துக்குக் கோணம் எடுக்க எனக்குப் பயமில்லை. நம் படலையைத் திறக்கத்தான் பயம். ஆனால் ஓகஸ்டில் நீ எனக்கு எழுதினாயே, போகப்போவது நான் இல்லை, ஒரு வெற்றிடம் என்று. அதை அந்தக் கிணற்றடியில் சொல்லிப் பார். என்னால் சொல்லவே ஏலாத வசனம் அது.

வேலை முடிந்ததும் எங்கள் முகாம் குச்சவெளிப் பக்கம் போகிறது. அங்கிருந்து உங்கள் குன்று தெரியாது.

அன்பு அண்ணன்,
ஹெக்டர்


சேசு மரி சூசை

திருகோணமலை,
1961 செப்டெம்பர் 24, பகல்.

அன்புள்ள ஹெக்டர் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பகலில் எழுதுகிறேன். முன்னறையில், மேசையில், கதிரையில் இருந்து. வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. அப்பா எதிரே இருந்து வலைக்கு ஊசி போடுவதுபோல் பாசாங்கு செய்கிறார். எங்கள் வீட்டில் வலையே இல்லை. அண்டை வீட்டில் இரவல் வாங்கியது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மஜீத் நானா வந்து, "ஐயா, உங்கட லாம்பை அளவைக்கு ரெண்டு மூண்டு ராவைக்குத் தருவியளோ?" என்று கேட்டார்.

"லாம்பு தரமாட்டன்" என்றார் அப்பா. மஜீத் நானாவின் முகம் செத்துப்போனது. "உனக்கு அதைத் திருப்பத் தெரியாது. நானே கொண்டு வாறன்."

என்னையும் எண்ணெய்ப் போத்தலோடு வரச் சொன்னார். குன்றில் ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், ஆனால் விளக்கை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. மேலே மஜீத் நானா கல்லில் செதுக்கியிருந்த சின்னப் புள்ளியைக் காட்டி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, விளக்கின் நடு அதன்மேல் வரவேண்டும் என்றார். "கொஞ்சம் இங்கால, ஐயா. போதும். ஐயோ, கூடிப்போச்சு." அப்பா கோபிக்காமல் நகர்த்தினார். என் ஆயுளில் அப்பாவை ஒருவர் இப்படி அங்கே இங்கே என்று சொல்லி நான் கண்டதில்லை.

விளக்கு ஏறியது. குடா முழுவதும் மூட்டம். அந்த வெள்ளைக்குள் எங்கள் வெளிச்சம் ஒரு பாதை போல் போனது. அதில் நடந்து போகலாம் போல இருந்தது. அப்பா கேட்டார்.

"கிணத்தடியில வச்ச நேரம் என்ன பிழை வந்ததாம்?"

மஜீத் நானா தொப்பியைச் சரிசெய்தபடி அங்காலே போய்விட்டார். நான் மண்ணில் முக்கோணம் கீறினேன். மூன்று மூலையையும் கூட்டினால் ஒரே கணக்குத்தான் வரவேண்டும் என்றும், ஒரு மூலையில் நிற்கவேண்டிய வெளிச்சம் அந்த இடத்தில் நிற்காமல் வேறு இடத்தில் நின்றால் கணக்குப் பூட்டாது என்றும் சொன்னேன்.

"வெளிச்சம் நல்ல வெளிச்சம் எண்டாலுமோ?"

"நல்ல வெளிச்சம் எண்டாலும்தான், அப்பா."

அப்போதுதான் சொன்னேன், அண்ணா. கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், அவரைப் பார்த்து இல்லை.

"அண்ணா நிக்கவேண்டிய இடத்தில என்னை வச்சால், அதுவும் பூட்டாது, அப்பா. நான் மடத்துக்குப் போகமாட்டன் எண்டு சொல்லேல்ல. நானாப் போகவேணும் எண்டு சொல்லுறன்."

அப்பா பதில் சொல்லவில்லை. இறங்கி வரும்வரை சொல்லவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஒவ்வோர் இரவும் விளக்கோடு ஏறினோம், இறங்கினோம். நான் இனி வாழ்நாள் முழுவதும் வாய் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசி இரவு உங்கள் பக்கத்து வெளிச்சம் மூன்று முறை மறைந்து மறைந்து தெரிந்தது. மஜீத் நானா குதித்தார். "பூட்டிற்று! பூட்டிற்று தங்கச்சி! அதுதான் அடையாளம்!" அப்பா தன் தொப்பியைக் கழற்றி வில்லைக்கு முன்னால் பிடித்து, எடுத்து, பிடித்து, எடுத்து, பிடித்து, எடுத்தார். பிறகும் தொப்பியைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நேற்றுக் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மடத்துக்குப் போனார். நான் குசினியில் ஒளித்திருந்தேன். திரும்பி வந்து, வாசலில் நின்றபடி சொன்னார்.

"சோதனை எழுதட்டும், பிறகு மனம் இருந்தால் தானே வந்து கேப்பாள் எண்டு பெரிய தாயாரிட்டச் சொல்லிப்போட்டன். நேந்தது நான். நேந்தவன்தான் தீர்க்கவேணும். பிள்ளையள் இல்லை. மாதா கோயில் முகப்பில இந்த லாம்பை இனி ஏலுமான காலம்வரைக்கும் நான்தான் ஏத்துவன். பங்குச் சாமியிட்டயும் கேட்டிட்டன்."

நான் அழுதேன். "உதுக்கு ஏன் அழுறாய், அரிசியைப் போடு" என்றார். அலுமாரியிலிருந்த துணியை எனக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்கு வெட்டச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்து, என்னை மேசையில் இருத்தி, "ஒரு கடிதம் எழுது" என்றார். இனி நான் எழுதுவது அவர் சொல்லச் சொல்ல.

குச்சவெளிக்குப் போகிற வண்டி திருகோணமலையால்தானே போகவேணும். வழியில் இறங்கட்டும். ஒரு நேரமாவது ஒழுங்காகச் சோறு தின்னட்டும். முன் படலையால் வந்தால் சனம் விடுப்புப் பார்க்கும். கிணற்றடிப் பக்கத்தால் வரட்டும். பொழுதுபட்டால் பரவாயில்லை. லாம்பை அன்றைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோக மாட்டேன், அங்கேதான் வைத்திருப்பேன்.

இவ்வளவும்தான் சொன்னார். மடித்து உறையில் போட்டேன். "மேல ஆற்ற பேரை எழுத, அப்பா?" என்று கேட்டேன். வலையைக் கீழே வைத்துவிட்டு யன்னலால் கடலைப் பார்த்தார். பகலில் அங்கே ஒன்றும் தெரியாது, நீலம் மட்டும்தான். அவர் பதில் சொன்னபிறகு உறையைத் திறந்து இந்த வரிகளை எழுதுகிறேன், அவர் சொன்னதை நீங்கள் கேட்கவேண்டும் என்பதற்காக.

"ஹெக்டருக்கு எண்டு எழுது" என்றார்.

உங்கள் தங்கை,
எல்சி